உட்கார ஒரு நாற்காலி: நம் கடைகளிலும் ஆலைகளிலும் உழைப்பவர்களின் மனநிலை

வேலை நேரத்தில் ஒரு மனிதர் சற்று உட்கார்ந்துகொள்ளலாம் என்று சொல்வதற்குத் தமிழ்நாட்டில் ஒரு சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் அதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஒவ்வொரு கடையிலும் நிறுவனத்திலும் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வேண்டும், நாள் முழுவதும் கால் கடுக்க நிற்கவைக்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

நமக்கு முன்பே கேரளம் இதைச் செய்தது. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண்மணி, கடைகளில் நின்றே வேலை பார்க்கும் பெண்களை ஒன்றுசேர்த்து 2009-இல் 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கேட்டது நாற்காலி அல்ல, கழிப்பறை. கடையில் கழிப்பறை இல்லாததால் அந்தப் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்த்தார்கள். அதனால் வந்த நோய்கள் தனிக்கதை. கழிப்பறையில் தொடங்கிய அந்தப் போராட்டம்தான் 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமையாகச் சட்டமானது. மிட்டாய்த் தெருவை அறிந்தவர்களுக்குத் தெரியும், அங்கே கடை வைத்திருப்பவர்களில் நம் சகோதரர்கள் கணிசமானவர்கள். ஆகவே இதை யாரோ ஒருவருடைய பிரச்சினை என்று நாம் தள்ளிவைக்க முடியாது.

நம் சமுதாயம் வணிகச் சமுதாயம். கல்லாவில் உட்கார்ந்திருப்பவரும் நாமே, கவுண்டருக்குப் பின்னால் நின்று துணியை விரித்துக் காட்டுபவரும் நாமே. கலசப்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலைக்கும் போளூருக்கும் நடுவே, செய்யாற்றின் கரையில், மேற்கே ஜவ்வாது மலை தெரியும் ஊர். விவசாயம்தான் இந்த வட்டாரத்தின் பிழைப்பு. முஸ்லிம் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவு. வானம் பொய்த்தாலும் விலை பொய்த்தாலும் பிள்ளைகள் வெளியூர் போகிறார்கள். திருவண்ணாமலையில் துணிக்கடை, சென்னை தியாகராய நகரில் பாத்திரக்கடை, மலைக்கு அந்தப் பக்கம் ஆம்பூர், வாணியம்பாடியில் தோல், காலணி வேலை, செய்யாறு சிப்காட்டில் காலணி ஆலை, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் ஆலை, இவை எதுவும் அமையாவிட்டால் வளைகுடா. ஒரு சிறிய ஊரின் ஒரு தெருவிலேயே இந்த ஆறு விதமான வேலைக்காரர்களும் இருப்பார்கள். அவர்கள் ஊருக்கு வரும் பெருநாளில் பேசிப் பார்த்தால், சம்பளத்தைப் பற்றிப் பேசுவதைவிடத் தூக்கத்தைப் பற்றியும் லீவைப் பற்றியும்தான் அதிகம் பேசுகிறார்கள்.

முதலாளிகளிடம் பேசினால் வேறொரு குறை கேட்கும். "ஆள் நிலைக்க மாட்டேங்கிறாங்க ஹஜ்ரத்" என்பார்கள். "ரெண்டு மாசம் வேலை கத்துக்குவான், மூணாவது மாசம் சொல்லாமக் கொள்ளாமப் போயிடுவான். இருக்கிறவனும் கடமைக்கு நிக்கிறான், மனசு வைக்கிறதில்லை." இது பெரும்பாலும் உண்மை. உலகம் முழுவதும் இதே பேச்சுத்தான். ஊழியர்களின் ஈடுபாட்டை ஆண்டுதோறும் அளக்கும் காலப் நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலக அளவில் வேலையில் மனம் ஒன்றி ஈடுபடுபவர்கள் 21 சதவீதம்தான். ஐந்தில் ஒருவர். எனவே "இந்தக் காலத்துப் பசங்க சரியில்லை" என்று ஒரு தலைமுறையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. ஐந்தில் நான்கு பேருக்கு மனம் ஒட்டவில்லை என்றால், கோளாறு ஆட்களிடம் மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வைத்தது. கூடுதல் வேலை வாங்கினாலும் நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. நான்கு மணி நேரம் வேலை செய்தவருக்கு ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். சுதந்திரம் கிடைத்த ஆண்டில் எழுதிய சட்டம் இது. கடைகள் ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் தமிழக அரசு அனுமதித்தபோதும், ஒவ்வொரு ஊழியருக்கும் முறைவைத்து வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற நிபந்தனையுடன்தான் அனுமதித்தது. கடைக்குத்தான் விடுமுறை இல்லை, மனிதருக்கு உண்டு.

நடப்பில் என்ன? காலை பத்து மணிக்கு ஷட்டர் தூக்கினால் இரவு பத்து மணிக்கு இறக்கும் கடைகளை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் போக, ஒரு நாளைக்குப் பதினொன்றரை மணி நேரம். வாரம் ஆறு நாள் என்றால் 69 மணி நேரம். தீபாவளி, ரமளான் சீசனில் ஏழு நாளும் என்றால் 80-ஐத் தாண்டிவிடும்.

இந்த 69 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர் நாராயண மூர்த்தி, நாடு முன்னேற இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என்.சுப்பிரமணியன் ஒரு படி மேலே போய் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் இருந்து எவ்வளவு நேரம்தான் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற பொருளில் அவர் கேட்டது பெரிய சர்ச்சையானது. தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது, மென்பொருள் ஊழியர்கள் கொதித்தார்கள், தொழிலதிபர்களிலேயே சிலர் மறுத்துப் பேசினார்கள். ஆனால் ரங்கநாதன் தெருவிலும் திருவண்ணாமலைக் கடைத்தெருவிலும் அந்த 70 மணி நேரத்தை எந்த விவாதமும் இல்லாமல் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை யாரும் சொல்லவில்லை. நாடு முன்னேறியதா என்பது இருக்கட்டும், அந்தப் பிள்ளைகளின் கால் நரம்பு முடிச்சுப் போட்டதுதான் மிச்சம். (சினிமா பற்றி நாம் பொதுவாக எழுதுவதில்லை. ஆயினும் 2010-இல் வசந்தபாலன் எடுத்த 'அங்காடித் தெரு' இந்தக் கடைப் பிள்ளைகளின் வாழ்க்கையை ஊருக்குச் சொன்னது. சட்டத்தில் நாற்காலி வர அதற்குப் பிறகும் பதினொரு ஆண்டுகள் ஆயின.)

நீண்ட நேர வேலை உடம்பை என்ன செய்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் உண்டான பக்கவாதத்தாலும் இதய நோயாலும் 2016 என்ற ஒரே ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் இறந்திருக்கிறார்கள். 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரோடு ஒப்பிட்டால், 55-ஐத் தாண்டியவருக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். நம் கடைப் பையன் நிற்பது 69 மணி நேரம். ஜப்பானில் அதிக உழைப்பால் வரும் மரணத்துக்கு 'கரோஷி' என்று தனிப் பெயரே உண்டு. அதைத் தடுக்க 2014-இல் சட்டமும் போட்டார்கள். நாம் அதற்குப் பெயர் வைக்கவில்லை. "திடீர்னு நெஞ்சுவலி, வயசு நாற்பதுகூட ஆகலை" என்று ஜனாஸாவில் பேசிக்கொள்வதோடு விட்டுவிடுகிறோம்.

படித்து நல்ல வேலைக்குப் போனால் இந்தத் தொல்லை இல்லை என்று பெற்றோர் நினைக்கிறோம். 2024 ஜூலையில் புனே நகரில், பன்னாட்டுத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் சேர்ந்து நான்கே மாதமான 26 வயதுக் கேரளப் பெண் ஒருவர் இறந்துபோனார். மகளை வேலைச்சுமை அழித்துவிட்டது என்றும், அவள் அடக்கத்துக்குக்கூட நிறுவனத்திலிருந்து யாரும் வரவில்லை என்றும் தாய் எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுவதும் பரவியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அந்தக் கடிதத்தைப் படித்த தாய்மார்களில் எத்தனை பேர் அன்று இரவு பெங்களூரில் இருக்கும் தம் மகளுக்குப் போன் போட்டிருப்பார்கள்! அந்தத் தாய் பணத்தையோ நஷ்ட ஈட்டையோ பற்றி எழுதவில்லை. இனி இன்னொரு குடும்பத்துக்கு இது நேரக் கூடாது என்றுதான் கேட்டார்.

இனி ஆலைக்கு வருவோம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ 43 சதவீதத்தினர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இதில் பெருமை இருக்கிறது, பொறுப்பும் இருக்கிறது. விடியற்காலையில் கிராமத்து முனைகளில் ஆலைப் பேருந்துகளுக்காகக் காத்திருக்கும் பெண்களைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எங்கும் பார்க்கலாம். போக வர இரண்டு மூன்று மணி நேரம் பேருந்திலேயே கழியும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கிடையாது, அது வேலை நேரம் என்று எழுதப்படுவதும் இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் வாழ்நாளிலிருந்துதான் அது கழிகிறது.

வீட்டிலிருந்து போய்வர முடியாத தூரத்துப் பிள்ளைகள் விடுதியில் தங்குகிறார்கள். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லி அருகேயுள்ள விடுதி ஒன்றில் உணவு விஷமாகி 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்ற தகவல் தோழிகளுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. யாரும் இறக்கவில்லை. ஆனால் அதை நம்பும்படிச் சொல்ல அவர்களுக்கு நம்பிக்கையான ஆள் இல்லை. டிசம்பர் 17 இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்றுதான் திறந்தது. தங்குமிடங்களிலும் உணவுக்கூடங்களிலும் சில தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தது.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது சாப்பாட்டை மட்டுமல்ல. அந்தப் பெண்கள் ஒரே அறையில் பலராக, ஷிப்ட் மாறி மாறித் தூங்கி, உடம்புக்கு முடியாதபோது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தவர்கள். சொன்னால் கேட்கும் ஒரு ஆள் ஆலையில் இருந்திருந்தால் நெடுஞ்சாலைக்குப் போயிருக்க மாட்டார்கள். ஊழியர் ஈடுபாடு, மனநலம் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுவதும், ஆண்டுக்கு ஒருநாள் ரங்கோலிப் போட்டி வைப்பதும் எளிது. புகார் சொன்னவளை அடுத்த மாதம் வேலையை விட்டு எடுக்காமல் இருப்பதுதான் கடினம்.

அதன் பிறகு நல்லதும் நடந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2024 ஆகஸ்ட் 17 அன்று ஸ்ரீபெரும்புதூர் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பை, 706.50 கோடி ரூபாய் செலவில் சிப்காட் கட்டி, முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். ஒருநாள் இரவு சாலையில் உட்கார்ந்த பெண்களின் குரலுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் தொடர்பு உண்டு என்பது நம் கருத்து. ஆனால் அதே ஆண்டு ஜூனில், திருமணமான பெண்களை அந்த ஆலை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. உண்மை எதுவாக இருந்தாலும், குடும்பமும் வேலையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது என்ற எண்ணம் தொழிலுலகில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை அந்தச் சர்ச்சை காட்டியது.

12 மணி நேர வேலை விவகாரமும் அப்படித்தான். 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைகளில் வேலை நேர வரம்புகளைத் தளர்த்த வழிசெய்யும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம்தான், நான்கு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் சொன்னார்கள். காகிதத்தில் கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கூட்டணிக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். எதிர்த்தவர்களின் அச்சம் எளிமையானது: பன்னிரண்டு மணி நேரம் வந்துவிடும், மூன்று நாள் விடுமுறை வராது. பேருந்துப் பயணத்தையும் சேர்த்தால் பதினைந்து மணி நேரம். பால்குடி மாறாத பிள்ளையை வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்கு மூன்று நாள் விடுமுறை என்பது, மற்ற நான்கு நாளும் பிள்ளை விழித்திருக்கும்போது முகத்தைப் பார்க்காததற்கு ஈடாகாது. 2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பு நீடிக்கிறது. வரம்பு எழுதியிருப்பது ஒன்று, அதை அளந்து பார்க்க ஆள் இருப்பது வேறொன்று.

"முதலில் வேலை கிடைக்கட்டும், அப்புறம் மனநலத்தைப் பேசலாம்" என்று சிலர் சொல்வார்கள். ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டு வாழும் நமக்கு இந்த வாதத்தின் கனம் தெரியும். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் மாவட்டத்தையும் இந்த மலையையும் சேர்ந்த ஏழைகள். சாமையும் தேனும் புளியும் தரும் மலை, தன் பிள்ளைகளுக்கு ஆண்டு முழுவதும் வேலை தரவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எந்த வேலையும் வரம்தான். ஆனால் வாதத்தை அங்கேயே நிறுத்தினால், வறுமை இருக்கும்வரை யாரிடமும் எவ்வளவு வேலையும் வாங்கலாம் என்றாகிவிடும். போக்கிடம் இல்லாதவர் எதையும் பொறுத்துக்கொள்வார் என்று தெரிந்துதானே பன்னிரண்டு மணி நேரம் கேட்கிறார்கள்? சட்டம் அவருக்குத்தான் முதலில் தேவை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டையில் தோல், காலணித் தொழிலைக் கட்டி எழுப்பியவர்களில் நம் சமுதாயத்தவர் முன்னணியில் இருந்தார்கள். அவர்கள் தொடங்கிய கல்விக்கூடங்களில் படித்தவர்கள் ஏராளம். அந்த நன்றியோடுதான் இதையும் சொல்கிறோம். காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் வேலை ஆலைக்குள் மட்டும் நடப்பதில்லை. இடைத்தரகர் மூலம் வீடுகளுக்கு வருகிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் பெண்களுக்குப் பேருந்தும் இல்லை, ஷிப்டும் இல்லை. ஆனால் முதுகு வலியும், கண் எரிச்சலும், ஆர்டர் இல்லாத மாதத்தில் வருமானமின்மையும் உண்டு. வீட்டில் இருந்தபடியே வேலை என்பதால் குடும்பத்துக்கு நல்லது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அடுப்பில் சோறு, மடியில் பிள்ளை, கையில் ஊசி என்றிருப்பவளுக்கு எது வேலை நேரம், எது ஓய்வு நேரம்?

இங்கே குடும்பங்களிடமும் ஒரு சொல். ஆலையிலிருந்து இரவு எட்டு மணிக்கு வரும் மருமகள் நேரே அடுப்படிக்குத்தான் போகிறாள். சம்பளத்தை எடுத்துக்கொள்ளும் வீடு, பாத்திரம் தேய்ப்பதில் பங்கெடுப்பதில்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு பேறுகால விடுப்பு 26 வாரம், 50 பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்று சட்டம் சொல்கிறது. அதை நிறுவனத்திடம் கேட்போம். ஆனால் கணவனுக்கும் மாமியாருக்கும் அரசு சட்டம் போட முடியாது. நபி (ஸல்) அவர்கள் தம் வீட்டு வேலைகளைத் தாமே செய்தார்கள், கிழிந்ததைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என்று மீலாது மேடைகளில் எத்தனை முறை பேசியிருக்கிறோம்!

மனநலத்தைப் பற்றி நாம் தனியாகச் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் மனம் கெட்டால் நம் மக்கள் முதலில் வருவது மருத்துவரிடம் அல்ல, பள்ளிவாசலுக்கு. "பையன் யாரிடமும் பேசுவதில்லை, ராத்திரி தூங்குவதில்லை, திடீர்னு கோபம் வருது, ஓதிப் பாருங்க ஹஜ்ரத்" என்று பெற்றோர் கூட்டிவருவார்கள். கண்ணேறு, செய்வினை, ஜின் என்று அவர்களே ஒரு முடிவோடு வருவதும் உண்டு. நாம் ஓதுவோம், அதில் குறை வைப்பதில்லை. ஆனால் கூடவே ஒன்று கேட்போம்: தம்பி எந்த ஷிப்ட்? ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு, அடுத்த வாரம் மீண்டும் பகல் என்று தூக்கம் சிதறிப்போனவன் என்று பல நேரம் தெரியவரும். பகலில் தூங்கலாம் என்றால் தகரக் கூரை, தெருச் சத்தம். மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்காத யாருக்கும் கோபம் வரும், அழுகை வரும், வாழ்வே வெறுத்துப்போகும். இதில் ஈமானின் குறை எதுவும் இல்லை.

வேலைச் சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டில் வேலையோடு தொடர்புடைய நிலை என்று வரையறுத்தது. களைப்பு, வேலையின்மீது வெறுப்பு, எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இவை மூன்றும் சேர்ந்தது அது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகில் ஆண்டுக்கு 1,200 கோடி வேலை நாட்கள் வீணாகின்றன என்றும் அந்த நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. அது வயிற்று நோய்க்கு மட்டும் சொன்னதல்ல. மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமனாஸ் எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. அந்த எண்ணைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்பதில் எந்தச் சங்கடமும் இல்லை. ஜும்ஆ பயானில் ஒருமுறை சொன்னால் போதும், "பைத்தியக்காரன்னு சொல்லிடுவாங்க" என்ற பயத்தில் பாதி கரைந்துவிடும். "என் உயிரை மாய்த்துக்கொள்ளலாம் போல இருக்கிறது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அவருக்கு அது ஹராம் என்று விளக்குவதைவிட முதலில் அவரைத் தனியே விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

சிறு வியாபாரிகளின் தரப்பை நாம் அறியாதவர்கள் அல்ல. ஆன்லைன் விற்பனை ஒருபக்கம், வாடகை ஒருபக்கம், வரி ஒருபக்கம். இரண்டு பையன்களை வைத்திருக்கும் கடைக்காரர், தானே பதினான்கு மணி நேரம் நிற்கிறார். பெரிய நிறுவனங்களைப்போல ஆலோசகர் வைக்கவும், உடற்பயிற்சிக் கூடம் கட்டவும் அவரால் முடியாது. யாரும் அதைக் கேட்கவும் இல்லை. ஒரு ஸ்டூலின் விலை என்ன? இரவு ஒன்பது மணிக்கு மேல் வரும் வாடிக்கையாளரால் மாதத்தில் எவ்வளவு லாபம் என்று ஒருமுறை எழுதிப் பார்த்தவர் எத்தனை பேர்? அடுத்த வாரம் எந்த நாள் லீவு என்று இந்த வாரமே சொல்லிவிட்டால், அந்தப் பையன் தன் தாயை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகத் திட்டமிடுவான். முதல் நாள் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு நீ வர வேண்டாம்" என்று சொன்னால், அந்த விடுமுறையில் அவன் தூங்க மட்டுமே முடியும். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பதும் மனநலம்தான். வட்டிக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியவனுக்கு ஐந்தாம் தேதிக்கும் பன்னிரண்டாம் தேதிக்கும் உள்ள வித்தியாசம் ஏழு நாள் அல்ல.

வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபிமொழி மே தினத்தன்று எல்லார் வாயிலும் வரும். அபூதர் (ரலி) வழியாக வந்த இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உங்களிடம் வேலை செய்பவர்கள் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறியதைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் கைகொடுங்கள் என்ற கருத்துடையது அது. கூலியோடு முதலாளியின் கடமை முடிந்துவிடவில்லை, சுமையின் அளவும் அவர் பொறுப்பு என்பதுதான் இதில் உள்ள செய்தி. பத்து ஆண்டுகள் நபியவர்களிடம் பணிவிடை செய்த அனஸ் (ரலி), ஒருமுறைகூடச் 'சீ' என்ற சொல்லைக் கேட்டதில்லை என்றார்கள். வாடிக்கையாளர் முன்னால் பையனைத் திட்டி, அவன் முகம் சிவப்பதைப் பார்த்துக்கொண்டே பில் போடும் கடைகளில் ஆள் நிலைக்காததற்குத் தனியாக ஆராய்ச்சி தேவையில்லை. வளைகுடாவில் உச்சி வெயில் நேரத்தில் வெளிவேலை வாங்கக் கூடாது என்று ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அமீரகத்தில் சட்டம் இருக்கிறது. ரமளானில் தினமும் இரண்டு மணி நேரம் வேலையைக் குறைக்கிறார்கள். அங்கே அதை அனுபவித்து வந்து இங்கே கடை வைத்தவர்கள், தம் ஊழியருக்கு, அவர் எந்த மதத்தவராக இருந்தாலும், அதே சலுகையைக் கொடுக்க யோசிப்பது விந்தைதான்.

கடைசியாக, நம் பள்ளிவாசல்கள். ஜமாஅத் நிர்வாகமும் ஒரு முதலாளிதான், இமாமும் முஅத்தினும் மத்ரஸா உஸ்தாதுகளும் ஊழியர்கள்தான். 1993 மே மாதம் உச்ச நீதிமன்றம், இமாம்களுக்கு ஊதியம் பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 2009-இல் உலமாக்கள் மற்றும் பணியாளர்களுக்கான நல வாரியம் அமைந்தது. உறுப்பினராகப் பதிந்தால் பிள்ளைகளின் கல்விக்கும் திருமணத்துக்கும் உதவி உண்டு. பதியாதவர்கள் இன்னும் நிறையப் பேர். முஅத்தினின் நாளை எண்ணிப் பாருங்கள். ஃபஜ்ருக்கு நாலரை மணிக்கு எழுகிறார், இஷா முடிந்து ஒன்பதரைக்குக் கதவைப் பூட்டுகிறார். நடுவில் தண்ணீர்த் தொட்டி, பாய், மின்விசிறி, கழிப்பறை எல்லாம் அவர் பொறுப்பு. நேரம் விட்டு விட்டு வருவதால் வேறு வேலைக்கும் போக முடியாது. குடும்பம் பெரும்பாலும் வேறு ஊரில். வாரம் ஒரு நாள் விடுமுறை என்ற பேச்சே பல ஊர்களில் எழுந்ததில்லை, பாங்கு யார் சொல்வது என்ற ஒரே கேள்வியில் அது நின்றுவிடுகிறது. சில மஹல்லாக்களில் இளைஞர்கள் முறைவைத்துக்கொண்டு வாரம் ஒரு நாள் ஐந்து வேளையும் பாங்கு சொல்லிப் பள்ளியையும் கூட்டிவிடுகிறார்கள். அந்த நாளில் முஅத்தின் ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருகிறார். இதற்கு நிர்வாகக் கமிட்டியில் தீர்மானம்கூடப் போட வேண்டியதில்லை, ஐந்து பேர் பெயரை ஒரு தாளில் எழுதி ஒட்டினால் போதுமானது.